பதினேழாம் நம்பர் தட்டு

ராஜம்மாவுக்கு மன்னிக்கத் தெரியாது. அதை அவளே சொல்வாள், வெட்கப்படாமல் சொல்வாள். பத்து வருஷத்துக்கு முன்னால் மஸ்ஜித் தானா கடைக்காரன் பொட்டலத்தின் அடியில் அழுகல் வெங்காயம் வைத்துக் கொடுத்ததையும், கல்யாண வீட்டில் நாத்தனார் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனதையும் நேற்று நடந்ததுபோல் கிழமையோடு சொல்லுவாள். ஆனால் இவையெல்லாம் சில்லறைப் பகை. அவள் உயிரோடு ஒட்டிய பகை ஒன்றுதான். அதன் பெயர் சாமிநாதன்.

அறுபத்தெட்டாம் வருஷம், மலாக்கா மாநிலத்து லூபோக் சீனா பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் சாமிநாதன் மண்டோராக இருந்தான். பால்வெட்டுக்காரர்களை மேய்ப்பது அவன் வேலை. மரப்பட்டையில் காய்ந்து ஒட்டியிருக்கும் ஒட்டுப்பாலைச் சாக்குச் சாக்காக வெளியே தள்ளுவது அவன் தொழில். ஒரு நாள் துரைக்குச் சந்தேகம் வந்தது. திருடனைப் பிடித்துக்கொண்டு வா என்று சாமிநாதனிடமே சொன்னார். திருடனையே காவலுக்கு வைத்தால் வேறென்ன நடக்கும்?

மறுநாள் காலைப் பெரட்டில், ஆட்களை வரிசையாக நிறுத்திப் பெயர் கூப்பிடுகிற திடலில், சாமிநாதன் ஒரு சாக்கைக் கொண்டுவந்து போட்டான். பிச்சைமுத்துவின் கோழிக்கூட்டுக்குப் பின்னாலிருந்து எடுத்தது என்றான். பிச்சைமுத்து ராஜம்மாவின் அப்பா. அடுத்தவன் மரத்தில் சொட்டும் பாலைக்கூடத் தொடாத மனுஷன். அந்தச் சாக்கை அவர் தலையில் ஏற்றி, கூலிக்காரர் வரிசைவீடுகளான லயம் லயமாக நடக்கவைத்தான் சாமிநாதன். ஒட்டுப்பால் தண்ணீர் அவர் காது வழியே கழுத்தில் வழிந்தது. அந்த நாற்றம் ராஜம்மாவின் மூக்கைவிட்டு இன்றுவரை போகவில்லை.

அவளுக்கு அப்போது பன்னிரண்டு வயது. முந்தின நாள் சாயங்காலம் அதே சாக்கை, சேவல் படம் போட்ட கோதுமைமாவுச் சாக்கை, சாமிநாதன் தன் சைக்கிளில் வைத்துக் கட்டியதை அவள் பார்த்திருந்தாள். வாய்ப்பக்கம் சைக்கிள் டியூப் துண்டால் இறுக்கியிருந்தது. சொல்லப்போனவளின் வாயை அம்மா பொத்தினாள். வேலை போய்விடும், வீடு போய்விடும் என்றாள். வேலை போகவில்லை, வீடும் போகவில்லை. அப்பாதான் போனார். அன்றிலிருந்து யாருடனும் பேசாமல் ஒரு வருஷம் பால் வெட்டினார், பிறகு படுத்தார், எழுந்திருக்கவில்லை. காய்ச்சல் என்று எழுதினார்கள்.

படிப்பு நின்றது. பதின்மூன்று வயதில் ராஜம்மா தோட்டத்து நாற்றுமேடையில் வேலைக்கு நின்றாள். ரப்பர்க் கன்றுகளைத் தரம் பிரிக்கிற வேலை. தழைத்து நிமிர்ந்து நிற்பதை வைத்துக்கொள்ள வேண்டும். சவலையை, கோணலை, நிறம் மங்கினதைப் பிடுங்கி எறிய வேண்டும். ஒரு பாத்தியைப் பார்த்த மாத்திரத்தில் எது தேறும், எது தேறாது என்று சொல்லிவிடுவாள். அந்தக் கண் அவளுக்கு வாழ்நாள் முழுதும் சோறு போட்டது. ஒரே ஒரு தடவை கழுத்தறுத்தது. அதுதான் இந்தக் கதை.

கல்யாணமாகி, புருஷனும் லாரி விபத்தில் போன பிறகு, எழுபத்தேழில், மகள் தாரணியை இடுப்பில் வைத்துக்கொண்டு மலாக்கா டவுனுக்கு வந்தாள். பாச்சாங்கில் ஒரு வாடகை வீடு. எண்பத்து நான்கில், பயிர் நோய்களை ஆராய்கிற கூடம் ஒன்றில் கண்ணாடிச் சாமான் கழுவுகிற வேலை கிடைத்தது. பத்து வருஷத்தில் கழுவுவதோடு சமையலும் அவள் கைக்கு வந்தது. சமையல் என்றால் பூஞ்சைக்குச் சமையல். உருளைக்கிழங்கை வேகவைத்து வடித்த தண்ணீரில் சர்க்கரையும் அகார் அகாரும் கலந்து, நீராவிக் கொப்பரையில் வைத்து எடுத்து, சின்னச் சின்னத் தட்டுகளில் ஊற்றி ஆறவைப்பாள். அதன் மேல்தான் டாக்டர் பமேலா பூஞ்சையை வளர்ப்பார்.

டாக்டர் பமேலா மருந்து கொடுக்கிற டாக்டர் அல்ல, படித்து வாங்கின டாக்டர். ராஜம்மாவை அக்கா என்றுதான் கூப்பிடுவார். அவர் பிடித்து வைத்திருந்தது வாழையின் வாடல் நோய்ப் பூஞ்சை. மண்ணில் கிடக்கும், வேரைத் துளைத்துத் தண்டுக்குள் ஏறும், இலை மஞ்சளாகி ஒவ்வொன்றாக ஒடிந்து தொங்கும், ஆளுயர மரம் நின்ற நிலையில் சாகும். டாக்டர் அந்தப் பூஞ்சையின் மரபணுக்களை அங்கங்கே உடைத்து, எதை உடைத்தால் அதன் கொட்டம் அடங்குகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார். உடைத்த ஒவ்வொன்றுக்கும் ஒரு நம்பர்.

இந்தச் சமயத்தில்தான், தொண்ணூற்று நான்கில், பழைய தோட்டம் துண்டு துண்டாக விற்கப்பட்ட பிறகு சாமிநாதன் லூபோக் சீனா ரோட்டோரம் மூன்று ஏக்கர் வாங்கி வாழை போட்டிருக்கிறான் என்று ராஜம்மாவுக்குத் தெரிந்தது. சொன்னவள் அவள் சின்னம்மா பெத்தம்மாள். சாமிநாதன் நிலத்தை ஒட்டித்தான் பெத்தம்மாளின் வீடும் நாற்பது குத்து வாழையும் இருந்தன. மண்டோர் வாழைத்தார் இல்லாமல் அந்த வட்டாரத்தில் கல்யாணமில்லை, கோயில் திருவிழா இல்லை என்றாள் பெத்தம்மாள். வாசலில் ஒரே வரிசையாக இருபது மரம், பெராங்கான் வாழை, ஆள் நின்று பார்த்துவிட்டுப் போகிற அழகு என்றும் சொன்னாள். பெத்தம்மாள் பேச்சோடு பேச்சாகச் சொன்னது அது. ராஜம்மாவுக்கு அன்று சோறு இறங்கவில்லை.

கையில் வாடல் நோய். எதிரியின் வாசலில் வாழை. கரும்பு தின்னக் கூலி வேண்டுமா?

பழைய தட்டுகளைக் கொப்பரையில் வைத்து வேகவைத்துக் கொல்வதும் ராஜம்மாவின் வேலைதான். ஒரு வெள்ளிக்கிழமை, கொல்ல வேண்டிய தட்டுகளை மேசைமேல் பரப்பினாள். நாற்றுமேடைக் கண் தானாக வேலை செய்தது. ஒரு தட்டில் பூஞ்சை தரையோடு தரையாகப் படர்ந்து, அடிபட்ட தோல்போல் ஊதா பூத்துக் கிடந்தது. சவலை. அது எதையும் உடைக்காத மூலப் பூஞ்சை. ராஜம்மாவுக்கு அது தெரியாது. இன்னொரு தட்டில் பஞ்சு வெடித்ததுபோல் வெள்ளை வெளேரென்று மூடியை முட்டிக்கொண்டு வளர்ந்திருந்தது. ஓரத்தில் பதினேழு என்று எழுதியிருந்தது. இவ்வளவு திமிராக வளர்கிறவன் வாழையை என்ன பாடு படுத்துவான் என்று அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. பதினேழை எடுத்து மடியில் செருகினாள். சவலையைக் கொப்பரையில் போட்டாள்.

அடுத்த நாள் மதியம், சாமிநாதன் மஸ்ஜித் தானாவுக்குச் சாமான் வாங்கப் போயிருந்த நேரம், பெத்தம்மாள் வீட்டுக்கு வந்தவள்போல வந்து, காலியான சோயா கிச்சாப் போத்தலில் தண்ணீர்விட்டுப் பதினேழைக் கரைத்து வைத்திருந்ததை இருபது மரத்தின் அடியிலும் ஒவ்வொரு மடக்காக ஊற்றினாள். ஊற்றும்போது அப்பாவின் பெயரைச் சொன்னாள். இருபது தடவை சொன்னாள்.

பிறகு காத்திருந்தாள். மாதத்துக்கு இரண்டு ஞாயிறு பஸ் ஏறிப் போய், சின்னம்மாவைப் பார்க்கிற சாக்கில் வேலிக்கு அந்தப் பக்கம் பார்த்தாள். ஓர் இலைகூட மஞ்சளாகவில்லை. தார் தார் என்று தள்ளியது. ஒரு நாள் சாமிநாதனே வேலியோரம் வந்து, பெத்தம்மாள் வீட்டுப் பொண்ணா என்று கேட்டு, ஒரு சீப்புப் பழத்தை நீட்டினான். யாரென்று அவனுக்கு அடையாளம் தெரியவில்லை. அந்தப் பழத்தைப் பஸ் ஸ்டாண்டு குப்பைத்தொட்டியில் போட்டுவிட்டு, பாச்சாங் வரும்வரை பல்லைக் கடித்துக்கொண்டு வந்தாள்.

ஒரு வருஷம் பொறுத்தாள். அதற்குமேல் முடியவில்லை. ஒரு காலை தட்டு கழுவிக்கொண்டே, நன்றாக வளர்கிற பூஞ்சைதானே நன்றாகக் கொல்லும் என்று டாக்டரிடம் எதார்த்தமாகக் கேட்பதுபோல் கேட்டாள். டாக்டர் சிரித்துவிட்டார். இல்லை, அந்தப் பதினேழைப் பாருங்கள், தட்டில் ராஜா, வாழை வேரில் வெறும் தூசி என்றார். அது எப்படி என்று கேட்டாள் ராஜம்மா.

தாரணி பத்து பெரண்டாம் என்கிற ஊரில் எலக்ட்ரானிக்ஸ் ஃபேக்டரியில் கியூசியாக, செய்த சாமானில் கோணலைப் பிடித்துத் தள்ளுகிற வேலையில் இருக்கிறாள் என்பது டாக்டருக்குத் தெரியும். அதை வைத்தே விளக்கினார். ஒவ்வொரு பூஞ்சை செல்லும் ஒரு ஃபேக்டரி. அதில் செய்கிற சாமானுக்குப் புரதம் என்று பெயர். நூல்போல் வரும் புரதம் சரியான கணக்கில் மடிந்தால்தான் வேலைக்கு ஆகும். கோணலாக மடிந்ததைப் பிடித்து நிமிர்த்த உள்ளே ஆள் உண்டு. நிமிராததை உடைத்துப் போடவும் ஆள் உண்டு. சரியானது மட்டும்தான் கேட்டைத் தாண்டி வெளியே போகும். வாழை வேரை அரித்துத் துளைக்கிற ஆயுதங்கள் இந்தப் பூஞ்சைக்கு அப்படி வெளியே போகிற புரதங்கள்தான். பதினேழில் டாக்டர் உடைத்தது அந்த கியூசியை. தட்டில் எல்லாம் சமைத்துப் போடுகிறோம், ஆயுதம் தேவையில்லை, தின்று கொழுக்கிறது. வேருக்குள் போனால் மரம் திருப்பி அடிக்கும். அந்த நெருக்கடியில்தான் கோணல் சாமான் குவியும். நிமிர்த்தவும் முடியாமல், உடைக்கவும் முடியாமல், உள்ளேயே அடைத்துக்கொண்டு திணறும்.

“கோணலான ஒண்ண நிமித்தணும், இல்ல ஒடைக்கணும் அக்கா,” என்றார் டாக்டர். “ரெண்டும் இல்லாம உள்ளயே வச்சிருந்தா அதுக்குத்தான் கேடு.”

பூஞ்சையைப் பற்றித்தான் சொன்னார். ராஜம்மாவுக்குத் தன்னைச் சொன்னதுபோல் சுருக்கென்றது. இருபத்தேழு வருஷமாக உள்ளே கிடப்பதை நிமிர்த்தவும் அவளால் முடியவில்லை, உடைக்கவும் மனமில்லை. ஆனால் அவள் திருந்திவிடவில்லை. ஊதாச் சவலை எந்த அலமாரியில் இருக்கிறது என்று அன்றே பார்த்து வைத்துக்கொண்டாள்.

அதை எடுக்க வேண்டிய வேலை வரவில்லை. வாடல் தானாகவே வந்தது. யாரோ ஜொகூர் பக்கத்திலிருந்து லாரியில் இறக்கின வாழைக்கன்றோடு லூபோக் சீனா மண்ணில் கால் வைத்தது. தொண்ணூற்று ஆறு முடிவதற்குள் கம்பம் என்கிற மலாய்க் கிராமத்து வாழை, ரோட்டோர வாழை, பெத்தம்மாளின் நாற்பது குத்து எல்லாம் மஞ்சளாகித் தொங்கின. சாமிநாதனின் மூன்று ஏக்கரும் விழுகிறது என்று கேள்விப்பட்டு, தெய்வம் நின்று கொல்லும் என்று சொல்லிக்கொண்டே பஸ் ஏறினாள் ராஜம்மா.

விழுந்துதான் கிடந்தது. பின்வரிசை அத்தனையும் கருகிக் கிடந்தது. வாசலில் மட்டும் இருபது மரம், ஓர் இலை பழுக்காமல், தள்ளின தாரோடு நின்றது. எண்ணிப் பார்த்தாள். அவள் ஊற்றின இருபது.

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்பார்கள். ராஜம்மா குரங்கு பிடிக்கப் போய் எதிரி வாசலில் பிள்ளையாரை உட்காரவைத்துவிட்டாள்.

அதைவிடக் கொடுமை அடுத்தது. சாமிநாதன் அந்த மரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டான். கன்று கேட்டு வருகிறவர்கள், அதிசயம் பார்க்க வருகிறவர்கள் எல்லாரிடமும் ஒரே பாட்டுத்தான் பாடினான்.

“கை சுத்தமா இருந்தா மண்ணு கைவிடாதுலா. திருட்டுக் கை பட்ட மரந்தான் பட்டுப்போவும்.”

பெத்தம்மாள் தன் செத்த வாழைகளுக்கு நடுவே நின்று அதைக் கேட்டுத் தலை குனிந்தாள். ராஜம்மா கேட்டாள். இவனுக்கு நல்லவன் பட்டம் தன் கையாலேயே வாங்கிக் கொடுத்தோமே என்று அம்மிக்கல்லில் முட்டிக்கொள்ளலாம்போல இருந்தது.

செய்தி டாக்டர் காதுக்கும் போனது. ராஜம்மாவையே துணைக்கு அழைத்துக்கொண்டு போய் அந்த இருபது மரத்தின் வேரையும் மண்ணையும் எடுத்துவந்தார். பத்து நாள் கழித்து, வளர்ந்த தட்டுகளை மேசையில் வைத்து ராஜம்மாவைக் கூப்பிட்டார். தட்டெல்லாம் வெள்ளைப் பஞ்சு. உடைத்த பூஞ்சைகளுக்கெல்லாம் ஓர் அடையாளம் உண்டு. மற்றப் பூஞ்சையைக் கொல்கிற ஒரு மருந்தில் அவை மட்டும் பிழைக்கும். அந்த மருந்திலும் இது பிழைத்திருந்தது. சந்தேகத்துக்கே இடமில்லை.

“அக்கா, இந்தப் பதினேழு அந்த மண்டோர் வீட்டு வாசலுக்கு எப்படிப் போச்சு?”

ராஜம்மா மறைக்கவில்லை. சேவல் சாக்கில் ஆரம்பித்துக் கிச்சாப் போத்தல் வரை எல்லாம் சொன்னாள். டாக்டர் முகம் வெளுத்தது. பக்கத்துத் தட்டை எடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் தெரியுமா என்று கேட்டார். முப்பது வருஷத்துக்கு அந்த மண்ணைவிட்டுப் போகாது, உங்கள் சின்னம்மா வாழையையும் நீங்களே கொன்றிருப்பீர்கள் என்றார். பெத்தம்மாளின் நாற்பது குத்து ராஜம்மாவின் கணக்கிலேயே வந்திருக்கவில்லை.

கோபம் தணிந்ததும் டாக்டர் தனக்குத் தோன்றியதைச் சொன்னார். வேரில் பதினேழு முதலில் போய் இடம் பிடித்துக்கொண்டிருக்கிறது, பஸ்ஸில் துண்டு போட்டு வைப்பதுபோல. குத்தத் தெரியாத அதனிடம் பழகி மரமும் விழித்துக்கொண்டிருக்கலாம். பிறகு வந்த நிஜ நோய்க்கு வாசல் கிடைக்கவில்லை. இது சரிதானா என்று சொல்ல இன்னும் நூறு மரத்தில் பார்க்க வேண்டும். ஆனால் சரியென்றால் பெத்தம்மாள் போன்றவர்கள் மறுபடி வாழை போடலாம். அந்த இருபது மரத்திலிருந்து கன்று எடுத்து முதலில் அவள் நிலத்தில்தான் வைத்துப் பார்க்க நினைத்தார்.

அடுத்த ஞாயிறு லூபோக் சீனா பொதுமண்டபத்தில் விவசாயிகளுக்கு டாக்டர் பேச வேண்டியிருந்தது. வழி இரண்டு என்றார். இருபது மரம் பிழைத்த காரணம் தெரியவில்லை என்று இப்போதைக்குச் சொல்லலாம். ராஜம்மா பெயர் வராது, வேலை நிற்கும். உண்மையைச் சொன்னால் கூடத்திலிருந்து திருடினவளை வைத்துக்கொள்ள யாராலும் முடியாது. யோசித்துச் சொல்லுங்கள் என்றார். பதின்மூன்று வருஷ வேலை. தாரணிக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்த நேரம்.

ஞாயிற்றுக்கிழமை மண்டபம் நிறைந்திருந்தது. பாதிப்பேர் பழைய தோட்டத்து ஆட்கள். பெரட்டில் நின்ற அதே முகங்கள், நரைத்திருந்தன. சாமிநாதன் முன்வரிசையில், வெள்ளைச் சட்டையில். டாக்டர் நோயைப் பற்றிச் சொல்லி முடித்ததும், அவன் எழுந்து திரும்பி நின்று, இதற்கெல்லாம் படிப்பு வேண்டாம், கை சுத்தம் போதும் என்று ஆரம்பித்தான்.

ராஜம்மா பின்வரிசையிலிருந்து எழுந்தாள்.

“மண்டோரே, ஒங்க வாசல்ல நிக்கிற இருவது மரமும் திருட்டுக் கை பட்ட மரம்,” என்றாள். “நான் வேல செய்யிற எடத்துல பூஞ்சையத் திருடியாந்து ஊத்தினேன். ஒங்க வாழ சாவணும்னுதான் ஊத்தினேன். தப்பான தட்ட எடுத்துட்டேன், அதனால பொழச்சுக்கிச்சு. நீங்க சுத்தம்னு இல்ல.”

சாமிநாதன் நீ யார் மகள் என்று கேட்டான். கேட்டிருக்கக்கூடாது.

“பிச்சமுத்து மக. அறுவத்தெட்டுல சேவல் சாக்க நீங்க சைக்கிள்ல கட்டுனதப் பாத்த மக. டியூப் துண்டால வாயக் கட்டுனீங்க. மறுநாளு அத எங்கப்பா தலையில ஏத்துனீங்க.” அவள் குரல் உயரவில்லை. “எங்கப்பா திருடல. எங்க குடும்பத்துல திருடுனது நான் ஒருத்திதான். அதையும் எல்லாருக்கும் முன்னாடி நானே சொல்றேன். நீங்களும் சொல்லுங்க.”

சாமிநாதன் வாயைத் திறந்தான். பக்கத்தில் இருந்தவர்களைப் பார்த்தான். பெத்தம்மாள், அத்தனை வருஷம் வேலியோரம் அவனுக்குத் தலை குனிந்தவள், அப்போது நிமிர்ந்து அவனையே பார்த்தாள். அன்று பெரட்டில் நின்ற ஒரு கிழவரும் பார்த்தார். முப்பது வருஷமாக எல்லாருக்குமே தெரியும் என்பது அந்தப் பார்வையில் இருந்தது. சாமிநாதன் குடையைத் தேடி எடுத்துக்கொண்டு வெளியே போனான்.

மறு வாரம் ராஜம்மாவின் வேலை போனது. டாக்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டே கடிதத்தைக் கொடுத்தார். ராஜம்மா அழவில்லை, கொப்பரையைக் கடைசியாக ஒரு தடவை தேய்த்துக் கழுவிவிட்டு வந்தாள்.

ஒரு மாதம் கழித்து பெத்தம்மாள் பாச்சாங்குக்கு வந்தாள். ராஜம்மா பசாரில் வடை விற்பதற்காகப் பருப்பு களைந்துகொண்டிருந்தாள். யாரும் இப்போது அந்த மரத்தைப் பார்க்க வருவதில்லை, பழம் வாங்குகிறவனும் சிரித்துக்கொண்டே வாங்குகிறான் என்றாள் பெத்தம்மாள். நேற்றுக் காலை சாமிநாதன் பாராங்கத்தியை எடுத்துவந்து, தார் தள்ளின மரம் என்றும் பார்க்காமல், இருபதையும் தன் கையாலேயே வெட்டிச் சாய்த்து, கிழங்கைக்கூடத் தோண்டி எரித்துவிட்டான் என்றாள். அதில் எனக்குக் கன்று தருவதாக டாக்டரம்மா சொல்லியிருந்தார்களே என்று சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள்.

ராஜம்மாவுக்கு அது உறைத்தது. பதினேழு இன்னும் டாக்டரிடம் இருக்கிறது சின்னம்மா, கேட்டு வாங்கித் தருகிறேன் என்றாள். அதைச் செய்யவும் செய்தாள். ஆனால் அன்று ஈரக்கையை மடியில் துடைத்துக்கொண்டு, பெத்தம்மாளுக்கு எதிரே முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

“மொத மரத்துலேருந்து சொல்லுங்க, சின்னம்மா,” என்றாள். “மெதுவா சொல்லுங்க.”

பெத்தம்மாள் சொன்னாள். இருபதாவது மரம் விழுந்ததும், ராஜம்மா மறுபடி முதல் மரத்திலிருந்து சொல்லச் சொன்னாள்.